மறுபடியும் முதல் இதழ்

…அப்படியென்றால் இத்தனை வருடம் நடந்ததெல்லாம் என்ன, யாரோ கண்ட கனவா? சூறையன் இடது கண்ணைப் பறிகொடுத்தது, காப்பாற்றிய ஊரே அவனைத் திருடன் என்று கல்லால் அடித்தது, இடிந்த கோபுரத்துக்கு முன்னால் கொட்டுகிற மழையில் படக்கதையின் ஓர் இதழ் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் நின்றது, எல்லாவற்றையும் ஒரே வரியில் துடைத்துவிட்டார்களே, பாவிகள், அதையும் ஒளித்து மறைத்துச் செய்யவில்லை, அட்டையிலேயே மஞ்சள் எழுத்தில் போட்டிருக்கிறார்கள், இதுவரை நடந்தது எதுவும் நடக்கவில்லை என்று, அதற்கு ஓர் ஆச்சரியக்குறி வேறு… என்று நினைத்துக்கொண்டே அவர் தூரிகையின் நுனியைத் தண்ணீரில் தொட்டு, குழைத்த பீங்கான் மாவை ஒரு துளி எடுத்து, முன்பல்லின் விளிம்பில் வைத்தார். மனம் எவ்வளவு கொதித்தாலும் கை நடுங்காது, இந்தத் தொழில் அவருக்குக் கொடுத்த ஒரே வரம் அதுதான். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் லேப் அது, மூன்று மேசை, இரண்டு உலை, சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க ஊர்க்காரர்களின் வாய், சாந்தில் வார்த்து, மேல்தாடை கீழ்த்தாடை என்று அடுக்கி வைத்த வாய்கள். யாருடைய வாயிலும் ஒரு சத்தம் கிடையாது. இன்றைக்கு ஒரு பெண்மணியின் முன்பல், மாடிப்படியில் விழுந்து உடைத்துக்கொண்டிருக்கிறாள், சிரிக்கிற பழைய புகைப்படம் ஒன்றைக் கிளினிக்கிலிருந்து கொடுத்தனுப்பி, முன்பு எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். அப்படியே! எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிடுகிறார்கள். செய்துவிடலாம், கட்டிய கணவனாலேயே கண்டுபிடிக்க முடியாதபடி செய்துவிடலாம், ஆனால் அது அந்தப் பல் ஆகாது, இல்லையா, அது எத்தனை கடித்தது, எத்தனை முறை குளிர்ந்த தண்ணீர் பட்டுக் கூசியது, அந்தக் கணக்கெல்லாம் உடைந்த பல்லோடு போயிற்று. இதைச் சூறையனின் புது ஆசிரியருக்கு யார் சொல்வது? தலையில் நாலு முடி கலர் அடித்துக்கொண்டு, ஒரு பேட்டியில் சொல்கிறான், பழைய கதை ரொம்பப் பாரமாக இருக்கிறதாம், புது வாசகர்கள் உள்ளே வர வாசல் வேண்டுமாம். வாசல் வேண்டுமென்றால் வீட்டை இடிப்பானா ஒருவன்?

பக்கத்து மேசைக்காரருக்கு லேப்பில் வானொலி என்று பெயர், வாயை மூடமாட்டார், அவர் மெழுகைச் செதுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். என்ன சார், உங்க ஆளு மறுபடியும் பொறந்துட்டான் போலிருக்கே, காலைல கடையில க்யூல நின்னீங்களாமே, நம்ம டிரைவர் பார்த்தானாம். ஆமாம் என்று இவர் தலையை மட்டும் ஆட்டினார். இப்ப எத்தனாவது தடவை சார் பொறக்கிறான்? மூணாவது. எனக்கும் இப்படி ஒரு வசதி இருந்தா நல்லாருக்கும் சார், முதல் வேலையா என் கல்யாணத்தை அழிச்சிருவேன். சிரித்தார், தானே சிரித்து முடித்தார். இவருக்குச் சிரிப்பு வரவில்லை, வந்திருந்தாலும் சிரித்திருக்க மாட்டார், ஐம்பத்திரண்டு வயதில் படக்கதை படிக்கிறவன் லேப்புக்கே இலவசக் கேலிப்பொருள், அது பழகிவிட்டது, முதல் தடவை எல்லாவற்றையும் அழித்தபோதும் இப்படித்தான் கேட்டார்கள், ஏதோ கடிகாரக் கோளாறு என்று ஒரு சாக்குச் சொல்லி அழித்தார்கள் அப்போது, இரண்டாவது தடவை சூறையனை ஒரு கிழட்டு விஞ்ஞானியின் மூளைக்குள் வைத்து அழித்தார்கள், அப்போதாவது அவன் மனைவி செத்தது செத்ததாகவே இருந்தது, அதில் மட்டும் கை வைக்கவில்லை, அந்த மட்டும் யோக்கியர்கள். இந்தத் தடவை சாக்குக்கூட இல்லை. பழைய குருடி கதவைத் திறடி என்று முதலிலிருந்து ஆரம்பம், இதழ் எண் ஒன்று, சூறையனுக்கு வயது இருபத்திரண்டு, இரண்டு கண்ணும் பத்திரம், கால்சட்டை கிழிசல் ஃபேஷன். அட்டையில் அவனுக்குப் பக்கத்தில் அவள், செத்துப்போன அவன் மனைவி. வானிலைக்காரி. சிரித்துக்கொண்டு நிற்கிறாள், ஒன்றும் நடக்காதது போல. அந்தச் சிரிப்பைப் பார்த்த கணத்தில்தான் இவருக்கு வயிறு எரிந்தது, ஏன் எரிந்தது என்று யோசிக்கத்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. மேசை இழுப்பறையில் இருக்கிறது இதழ், உறை பிரிக்காமல், கையில் மாவு இருக்கும்போது தொடக்கூடாது, சாப்பாட்டு நேரம் வரட்டும்.

மகள் காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தாள். அப்பா, இன்னிக்கு அதை வாங்காதீங்க, ஞாயிற்றுக்கிழமை நான் வரேன்ல, சேர்ந்து படிக்கலாம். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்ட பிள்ளை, அவளுக்கு ஃபோனிலேயே வந்துவிடுகிறது, அவள் படித்துவிட்டாள் என்பது நிச்சயம், பிறகென்ன சேர்ந்து படிப்பது? அப்பாவின் புலம்பலை ஞாயிற்றுக்கிழமை ஒரே தவணையில் கேட்டுத் தொலைத்துவிடலாம் என்று பார்க்கிறாள். அவளுக்குப் புதியது பிடித்திருக்கும். இளம்பிள்ளைகளுக்கு எல்லாம் பிடிக்கும். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, எழுத்துக் கூட்டிப் படித்ததே சூறையனில்தான், இரண்டு பேரும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, இவர் வில்லனுக்கும் அவள் சூறையனுக்கும் குரல் கொடுத்து… அடுக்களையிலிருந்து இவர் மனைவி கத்துவாள், அந்தக் காத்தாடியை விட்டுட்டுச் சாப்பிட வாங்க ரெண்டு பேரும். காற்றில் ஏறிப் பறக்கிறவன், பகைவர் நடுங்கும் வீரன், அவளுக்குக் காத்தாடி. எத்தனை தடவை பெயரைச் சொல்லிக்கொடுத்தாலும் காத்தாடிதான். ஒருமுறை அவசரத்துக்கு ஓர் இதழைக் கிழித்து அலமாரித் தட்டில் விரித்துவிட்டாள், இரண்டு நாள் பேசாமல் இருந்தார் இவர், மூன்றாம் நாள் அவளே நான்கு கடை ஏறி இறங்கி அதே இதழைத் தேடி வாங்கிவந்து போட்டாள், இந்தாங்க உங்க காத்தாடி, இனிமேலாவது மூஞ்சியைத் தூக்காம இருங்க. அவள் போய் ஒன்பது வருடம் ஆகிறது.

அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் சூறையனும் இவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மனைவியை இழந்தவர்கள். வானிலை ஆய்வுக் கோபுரம் இடிந்து வானிலைக்காரி இறந்த இதழ் வந்த சமயத்தில்தான் இவர் மனைவியும் போனாள். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் ஆறுதல் சொன்னார்கள், மனசைத் தேத்திக்குங்க, பொண்ணைப் பாருங்க, காலம் எல்லாத்தையும் ஆத்தும், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அவரவர் மனைவியோடு வீடு திரும்பினார்கள். சூறையன் ஒருவன்தான் எதுவும் சொல்லவில்லை. மாதாமாதம் வந்தான், ஒற்றைக் கண்ணோடு, ஒரே சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்தான், இரண்டு பேர் படுக்கும் கட்டிலின் ஒரு ஓரத்தில் படுத்தான், மறு ஓரத்துப் போர்வை கலையாமல் கிடந்தது, அதை வரைந்தவனுக்குக் கோயில் கட்டலாம். மனைவி போன வேறு ஆண் யாரையும் இவருக்குத் தெரியாது, இவனைத்தான் தெரியும். இப்போது அவனுக்கு அவளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கூட நடந்து வந்தவனை மட்டும் பல்லக்கில் ஏற்றிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? இவரிடம் மிச்சமிருப்பது ஒரு வாக்கியம். கடைசியாக அவள் சொன்னது, கண் மூடியிருந்தது, உதடு மட்டும் அசைந்தது, ஜன்னலைச் சாத்தாதீங்க, காத்து வரட்டும். அவ்வளவுதான். வெளியே உட்கார்ந்திருந்த மகளிடம் வந்து அதை அப்படியே சொன்னார், பதினான்கு வயசுப் பிள்ளை, தலையாட்டிக் கேட்டுக்கொண்டது. அன்றிலிருந்து வீட்டில் படுக்கையறை ஜன்னலைச் சாத்தியதில்லை, மழை பெய்தால் திரை நனையும், மெத்தை நனையும், கொசு பிடுங்கும், கீழ்வீட்டுக்காரர் தன் சுவரில் நீர் இறங்குகிறது என்று இரண்டு முறை சண்டைக்கு வந்துவிட்டார், சாத்தியதில்லை. மகள் வேற்றூரில் அறை எடுத்தபோதும் முதலில் பார்த்தது ஜன்னலைத்தான். மனிதர்கள் போகும்போது என்னென்னவோ விட்டுப்போகிறார்கள், அவள் ஒரு வேலை சொல்லிவிட்டுப் போனாள், அதைச் செய்துகொண்டே மிச்ச காலத்தை ஓட்டிவிடலாம் என்றிருந்தது அவருக்கு, அதுவே போதும் என்றும் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் பல்லை உலைக்குள் வைத்து மூடிவிட்டு, கையை முழங்கை வரை கழுவித் துடைத்துக்கொண்டு, பின்னறைக்குப் போனார். சாந்து மூட்டைகள், பழைய வார்ப்புகள், ஓர் உடைந்த நாற்காலி, மேலே ஒரு குழல்விளக்கு, இங்கே வானொலி வரமாட்டார், தூசி ஆகாது. உறையை நகத்தால் பிரித்தார். முதல் பக்கம், சூறையன் ஒரு காப்பிக் கடையில் வேலை பார்க்கிறானாம். இரண்டாம் பக்கம், புயலில் சிக்கிச் சக்தி வருகிறது, அதுவரை சரி, ஆனால் முன்பு அவனுக்குச் சக்தி வந்தது தம்பியைக் காப்பாற்றப் போய், தம்பி செத்து இவன் பிழைத்து, அந்தக் குற்ற உணர்ச்சிதானே அவனைத் தூக்கிப் பறக்கவைத்தது? இப்போது தம்பியே கிடையாது. செத்தவனாகக்கூட இல்லை. பிறக்கவே இல்லை. குற்றமும் இல்லை உணர்ச்சியும் இல்லை, காற்றடிக்கிறது பறக்கிறான், இவர் மனைவி சொன்ன காத்தாடியேதான் ஆகிவிட்டான் கடைசியில். ஓவியம் நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் எரிச்சல், கெட்ட ஓவியமாக இருந்தால் தூக்கி எறிந்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடலாம். பக்கத்தைப் புரட்டப் புரட்ட இவருக்கு ஒவ்வொன்றும் முள்ளாகக் குத்தியது, பச்சைக் காலணி எங்கே, ஊர்ப் பெயரை ஏன் மாற்றினான், அந்தக் கிழட்டுப் போலீஸ்காரர் எப்படி இளம்பெண் ஆனார்… வானிலைக்காரி வந்தாள். மொட்டைமாடியில் கருவிகளோடு நிற்கிறாள், இவன் தடுமாறி வந்து விழுகிறான், பேசுகிறார்கள், கிண்டல் செய்துகொள்கிறார்கள், கடைசிப் பக்கம், அவன் பறந்துபோகிறான், அவள் தன் அறைக்குள் நின்று, இன்னும் அவன் போன திசையையே பார்த்துக்கொண்டு, பின்னால் வந்த தோழியிடம் சொல்கிறாள். வெள்ளைக் குமிழிக்குள், சாய்ந்த எழுத்தில். 'ஜன்னலைச் சாத்தாதே. காற்று வரட்டும்.'

யார் சொன்னது இவனுக்கு? அதுதான் முதலில் தோன்றியது, நெஞ்சில் கை வைத்துச் சொல்லலாம், யார் போய்ச் சொன்னார்கள் என்றுதான் தோன்றியது. அது என் வீட்டுச் சொத்து, என் பெண்டாட்டி சாகும்போது சொன்னது, அதைப் போய் ஒரு காதல் கிளுகிளுப்புக்குப் போட்டிருக்கிறான், மகள் எங்காவது இணையத்தில் எழுதிவைத்தாளா, அங்கிருந்து எடுத்துவிட்டானா, வழக்குப் போடலாமா… சாந்துப்பல் ஒன்று கைபட்டுக் கீழே விழுந்து உடைந்தது. பக்கத்தைத் திருப்பினால் ஆசிரியர் கடிதம், கலர் முடிக்காரன், வணக்கம் வாசகர்களே, அது இது என்று நாலு வரி, அதற்குக் கீழே, பழைய வாசகர்களுக்கு ஒரு சிறு பரிசு வைத்திருக்கிறோம், கண்டுபிடித்தீர்களா? நூற்று நாற்பதாம் இதழில் வானிலைக்காரி உயிர்விடும்போது சொன்ன கடைசி வரியையே இங்கே அவளுடைய முதல் வரியாக்கியிருக்கிறோம். அவளை அழவைத்தவர்கள் நாங்கள், இனி சிரிக்கவைப்பவர்களும் நாங்களே. அவர் அதை ஒருமுறை படித்தார். திரும்பவும் படித்தார். எழுத்தெல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தது.

நூற்று நாற்பது. எந்த இதழை வேண்டுமானாலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்கலாம் இவரிடம், எத்தனையாவது பக்கத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று, இது ஒன்றைத் தவிர. இது ஒன்றை மட்டும் அப்போதே பிளாஸ்டிக் உறையில் போட்டு நாலு பக்கமும் டேப் ஒட்டி அடுக்கில் வைத்துவிட்டார், பிறகு திறக்கவில்லை, திறக்கும் தெம்பு இல்லை, வானிலைக்காரி சாகிறாள் என்பது தெரியும், என்ன சொல்லிவிட்டுச் சாகிறாள் என்பதை மறந்தேபோனார். மறந்தாரா? அப்போ இது என்ன? அப்போ நான்… இரு, இரு, அவசரப்படாதே. தேதியைப் பார். அட்டை கண்ணுக்குள் அப்படியே நிற்கிறது, ஆரஞ்சு வானம், சரிகிற கோபுரம், வலது மேல்மூலையில் எண், எண்ணுக்குக் கீழே மாதம், மே. மே! இவர் மனைவி போனது மார்ச். மார்ச்சில் சொல்லிவிட்டாள், மேயில்தான் அவன் எழுதுகிறான். இவர் சத்தமாகவே சிரித்துவிட்டார், பின்னறையில் தனியாக, ஊர் வாய்களுக்கு நடுவில், கண்ணில் தண்ணீர் முட்டியது, பார்த்தாயா, அவள்தான் முதலில், உலகத்தில் எந்த நோயாளியும் சொல்லக்கூடியதுதானே, ஜன்னல், காற்று, இதில் என்ன அதிசயம், வெறும் தற்செயல், இந்தப் பயல்கள்தான் அவளுக்குப் பின்னால் வந்தவர்கள். இந்த நிம்மதி எவ்வளவு நேரம் இருந்தது? ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம் இருக்கும். பிறகு அறிவு வேலை செய்தது, முப்பத்தைந்து வருட ரசிகனின் அறிவு, அது இல்லாமல் இருந்திருக்கலாம். படக்கதை அட்டையில் எந்த மாதம் போட்டிருந்தாலும் இதழ் அதற்கு இரண்டு மாதம் முன்பே வந்துவிடும், கடைக்காரன் பழசு என்று எடுத்துப் போட்டுவிடாமல் கொஞ்ச நாள் கூடத் தொங்கவிடுவான் என்பதற்காக அப்படி முன்தேதி போடுவார்கள், தெரியாதவர்களுக்கு எத்தனை முறை விளக்கியிருக்கிறார் இதை, பெருமையாக. மே என்றால் மார்ச். மார்ச்சில் மருத்துவமனைக்கு எதிரில், பேருந்து நிறுத்தத்துப் பெட்டிக்கடையில், இவரே வாங்கியது.

மகளுக்கு ஃபோன் போட்டார். அவளுக்கும் சாப்பாட்டு நேரமாக இருக்கவேண்டும், இரண்டாவது மணியிலேயே எடுத்தாள், எடுத்ததுமே மெல்ல, வாங்கிட்டீங்களாப்பா என்றாள். வாங்கிட்டேன். கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிட்டீங்களா? படிச்சிட்டேன். நான்தான் சொன்னேன்ல, ஞாயிற்றுக்கிழமை வரேன்னு. உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா? அவள் பக்கத்தில் யாரோ பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. தெரியும்பா. ஃபோன்ல படிச்சியே, அப்பவா? இல்லப்பா, ஸ்கூல் படிக்கும்போதே. நீங்க அந்த ஒரு புக்கை மட்டும் ஒட்டி வெச்சிருந்தீங்க, என்னதான் இருக்குன்னு பிரிச்சுப் பார்த்தேன். திரும்ப வேற டேப் போட்டு ஒட்டிட்டேன். நீங்க கண்டுபிடிச்சிருவீங்கன்னு ஒரு வாரம் பயந்துகிட்டே இருந்தேன். இவர் கண்டுபிடிக்கவில்லை. அட்டையின் மூலை ஒரு மயிரிழை வளைந்தாலும் ஆளைக் கூப்பிட்டுக் காட்டி வருத்தப்படுகிறவர். அப்போ ஏம்மா நீ எங்கிட்டச் சொல்லலை? சொல்லி என்னப்பா பண்றது. அப்போ அந்த ரூம்ல உங்கம்மா அப்படிச் சொல்லவே இல்லைன்னு நினைச்சியா? எனக்கு எப்படிப்பா தெரியும், என்னை வெளியிலதானே உட்கார வெச்சிருந்தாங்க, நீங்கதான் உள்ளே இருந்தீங்க. ஆனா அந்த ரூம்ல ஜன்னலே கிடையாதுப்பா. முதல்ல இருந்த வார்டுல இருந்துச்சு, கடைசியா மாத்தினாங்களே, அங்கே நாலு பக்கமும் சுவர்தான். நான் அப்புறம் உள்ளே வந்து பார்த்தேன்ல. அப்பா, இருக்கீங்களா? நீங்கதான் அம்மாவுக்கு எல்லா புக்கையும் படிச்சுக் காட்டினீங்களே, அதைக் கேட்டு மனசுல இருந்து, நினைவு தப்பின நேரத்துல சொல்லியிருக்கலாம். அப்படித்தான் நான் வெச்சுகிட்டேன். நீங்களும் அப்படியே வெச்சுக்குங்க. சாப்பிட்டீங்களா? சாப்பிட்டேன் என்று பொய் சொன்னார். அப்புறம் ஏம்மா நீ ஜன்னலைத் திறந்தே வெச்சிருக்கே என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை, அதற்கு அவள் என்ன சொல்வாள் என்பது தெரிந்துவிட்டது போலிருந்தது, அதைக் காதால் வேறு கேட்கவேண்டுமா.

படித்துக் காட்டியது உண்மைதான். கடைசி மாதத்தில் மனைவியேதான் கேட்டாள், சும்மா உட்கார்ந்து என் மூஞ்சியைப் பார்க்காதீங்க, உங்க காத்தாடி என்ன பண்றான், அதையாவது படிங்க. கண்ணை மூடிக்கொள்வாள், இவர் எல்லாக் குரலிலும் படிப்பார், பக்கத்துப் படுக்கைக்காரியும் கேட்பாள், வில்லன் வந்தால் இரண்டு பேரும் ச்ச என்பார்கள். நூற்று நாற்பதும் படித்தார். அந்த ஜன்னல் இருந்த வார்டில், மாற்றுவதற்கு முன்னால். மகள் சொல்வது நியாயம்தான், கேட்டது மனதில் தங்கியிருக்கும், அந்த மூடிய அறையில் அவளுக்கு மூச்சு முட்டியிருக்கும், கேட்ட வரி வாயில் வந்திருக்கும், சரியாகப் பொருந்துகிறது, எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை, அப்பாவுக்கென்று இத்தனை வருடமாகச் செய்துவைத்திருக்கிறாள், கிண்ணத்தில் போட்டு நீட்டுகிறாள், வாங்கிக்கொள்ளவேண்டியதுதான்… இல்லை. பொருந்தவில்லை. உடைந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஏனென்றால் அந்தப் பக்கத்தை அவர் படிக்கவில்லை. வாய்க்கு ஒரு கட்டம் முன்னால் கண் ஓடுமே, படித்துப் பழகியவர்களுக்கு, அப்படி ஓடி, கோபுரம் சரிவதையும் அடியில் அவள் கிடப்பதையும் பார்த்துவிட்டது, கட்டிலில் இவள் கிடக்கிறாள், மூக்கில் குழாய், பக்கத்துப் படுக்கைக்காரியும் தலையைத் திருப்பிக் காத்திருக்கிறாள், இவர் குரல் மாறாமல், பக்கத்தைப் பார்த்தபடியே, மாற்றிச் சொன்னார். சூறையன் வந்துட்டான். அவளைத் தூக்கிகிட்டுப் பறந்துட்டான். கோபுரம் மட்டும்தான் விழுந்துச்சு. பொழச்சுட்டாளா என்று கேட்டாள் கண்ணைத் திறக்காமல். பொழச்சுட்டா. சரி என்றாள். இவர் இதழை மூடி மருந்து ஸ்டூலின் மேல் வைத்தார், அவள் கை எட்டுகிற தூரத்தில், வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஆக, அந்த வரி அவள் காதில் விழவே இல்லை. இவர் கண்ணில்தான் விழுந்தது. அப்படியென்றால் அவள் சொல்லவில்லை, அன்று அவள் உதடு அசைந்ததற்கு இவராக ஒரு வசனம் எழுதிக்கொண்டார், முடிந்தது கதை. அல்லது அவள் சொன்னாள், சொன்னாள் என்றால் எழுந்து ஸ்டூலிலிருந்து எடுத்துத் தானாகப் படித்திருக்கிறாள், வானிலைக்காரி செத்துப்போனதைப் படித்திருக்கிறாள், புருஷன் தன்னை ஏமாற்றினான் என்று தெரிந்துகொண்டு இதழை வைத்த இடத்திலேயே வைத்திருக்கிறாள். இரண்டில் எது வேண்டும் என்று யாராவது வந்து கேட்டால்கூட இவருக்குச் சொல்லத் தெரியாது. இதழ் வைத்தபடியே இருந்ததா, திரும்பி வந்தபோது? பார்க்கவில்லை. கண்ணை மூடி அவள் குரலைக் கூப்பிட்டுப் பார்த்தார், ஜன்னலைச் சாத்தாதீங்க, குரல் வரவில்லை, குமிழிதான் வந்தது, சாய்ந்த எழுத்து, ஒன்பது வருடமாக இதைத்தானா கேட்டுக்கொண்டிருந்தார்? உதட்டை மட்டும் பார்க்கலாமென்றால் உதடும் வரையப்பட்டதாக வந்தது. சரி என்றது மட்டும் குரலோடு வந்தது. கரகரப்போடு, அந்த வார்டின் மின்விசிறிச் சத்தத்தோடு. கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள், பயந்துபோய் வரும் பெண்களை ஊர்முழுக்க ஓட்டவைத்தவள், கற்றுக்கொள்கிறவள் ஒழுங்காகத் திருப்பினாலும் சரி என்பாள், சுவரைப் பார்த்து வண்டியை விட்டாலும் அதே குரலில் சரி என்பாள், தன் பக்கத்து பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே, ஏறி உட்கார்ந்தவளுக்குக் கடைசிவரை தெரியாது எந்தச் சரி எதற்கென்று. முன்னறையிலிருந்து வானொலி கூப்பிட்டார், சார், உலை அணைஞ்சிடுச்சு, உங்க பல்லு ரெடி, டிரைவர் நிக்கிறான். வரேன் என்றார், எழுந்திருக்கவில்லை. எதுக்கு சரி என்கிறாய் என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம், கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், இவர் டீ குடிக்கப் போய்விட்டார்.